தன்வரலாற்று நாவல் என்றால் என்ன? ஆல்காட் குடும்பத்தின் கதையோடு ஓர் அறிமுகம்

1854 பிப்ரவரி. பாஸ்டன் நகரில் ஒரு குளிர் இரவு. எல்லோரும் தூங்கிவிட்ட நேரத்தில் வாசல் மணி அடிக்கிறது. அம்மா எழுந்து ஓடுகிறார், பின்னாலேயே மகள்களும். வாசலில் அப்பா நிற்கிறார். ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்துவிட்டு, குளிரில் விறைத்து, பசியும் களைப்புமாகத் திரும்பியிருக்கிறார். ஆளுக்கொரு பக்கமாகச் சூழ்ந்துகொண்டு அவருக்குச் சாப்பாடு கொடுத்து உடம்பைச் சூடாக்குகிறார்கள். எவ்வளவு சம்பாதித்தார் என்று கேட்க எல்லோருக்கும் மனசு துடிக்கிறது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் கடைக்குட்டிதான் கேட்டுவிடுகிறாள்: சரி அப்பா, ஜனங்கள் காசு கொடுத்தார்களா?

அப்பா பணப்பையைத் திறந்து காட்டுகிறார். உள்ளே ஒரே ஒரு டாலர். மேல்கோட்டை யாரோ திருடிவிட்டார்களாம், போர்த்திக்கொள்ள ஒரு சால்வை வாங்க வேண்டியதாயிற்றாம், பலர் தருவதாகச் சொன்ன பணத்தைத் தரவில்லையாம். அம்மா அவரை முத்தமிட்டு, நீங்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததே பெரிய வருமானம் என்ற பொருளில் ஏதோ சொல்கிறார்.

இதை நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் அந்த வீட்டின் இரண்டாவது மகள், லூயிசா மே ஆல்காட். அப்போது அவருக்கு 21 வயது. 14 ஆண்டுகள் கழித்து, 1868-ல், அவர் 'லிட்டில் விமன்' நாவலை எழுதினார். நான்கு சகோதரிகள், சலிக்காத ஓர் அம்மா, கிழிசலைத் தைத்துத் தைத்து ஓட்டும் ஒரு வீடு. நாவலில் வரும் இவையெல்லாம் அவருடைய வீட்டிலிருந்து வந்தவை. ஆனால் அந்த ஒரு டாலர் இரவு நாவலில் இல்லை. அது ஏன் இல்லை என்று யோசிக்கத் தொடங்கினால், தன்வரலாற்று நாவல் என்ற வடிவம் எப்படி வேலை செய்கிறது என்பது மெல்லப் பிடிபடும்.

சுயசரிதை எழுதுகிறவர் நமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார். இதில் வரும் 'நான்' நானேதான், நடந்ததைத்தான் சொல்கிறேன் என்கிற வாக்கு. அதை மீறினால் நாம் கோபித்துக்கொள்ளலாம். நாவலாசிரியர் அப்படி எதுவும் சொல்வதில்லை. தன்வரலாற்று நாவல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சொந்த வீட்டு மனிதர்களையும் சொந்தமாகப் பட்ட கஷ்டங்களையும் எடுத்துக்கொள்கிறது, வேறு பெயர் வைக்கிறது, ஆனால் இப்படியே நடந்தது என்று எங்கும் உறுதி சொல்வதில்லை. அம்மாவின் பழைய புடவையை வெட்டிப் பெண்ணுக்குப் பாவாடை தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். புடவையின் கரை பாவாடையில் நன்றாகவே தெரியும். அதற்காக அதைப் புடவை என்று யாரும் சொல்வதில்லை. எங்கே வெட்டினார், எதை ஒதுக்கினார், எதை மடித்து உள்ளே தைத்தார் என்பதில்தான் தைத்தவரின் கை இருக்கிறது.

இந்த வகை நாவலைப் புதிதாகப் படிக்கிறவர்கள் உடனே பொருத்தம் பார்க்கத் தொடங்குவார்கள். இவள்தான் அவள், இந்த வீடுதான் அந்த வீடு. தப்பில்லை, சுவாரசியமான வேலைதான். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் பொருந்துகிற இடங்களைவிடப் பொருந்தாத இடங்களே எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன. அதைக் காட்ட இந்தக் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு திறமை, அவ்வளவு விசித்திரம், அவ்வளவு வறுமை.

முதலில் அப்பா. ஆமோஸ் பிரான்சன் ஆல்காட், 1799-ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய பள்ளிப்படிப்பு இல்லை, தானாகவே படித்து மேலே வந்தவர். 1834-ல் பாஸ்டனில் டெம்பிள் ஸ்கூல் என்று ஒரு பள்ளி ஆரம்பித்தார். பிரம்பும் மனப்பாடமும்தான் கல்வி என்றிருந்த காலத்தில், குழந்தைகளிடம் கேள்வி கேட்டு, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பாடம் நடத்தினார். தப்பு செய்த பையனை அடிப்பதற்குப் பதில், தன் கையை நீட்டி, நீ என்னை அடி என்று சொன்னவர். பைபிளைப் பற்றிக் குழந்தைகளோடு வெளிப்படையாகப் பேசிய பேச்சுகளைப் புத்தகமாகப் போட்டதும் ஊரில் எதிர்ப்பு கிளம்பியது, பிள்ளைகள் குறைந்தார்கள். 1839-ல், அப்போது நடத்திக்கொண்டிருந்த சிறிய பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். மற்ற பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அந்தச் சிறுமியை அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. பள்ளி முடிந்துபோயிற்று.

இந்த மனிதரை நான் மதிக்கிறேன். அந்தச் சிறுமி விஷயத்தில் அவர் நின்ற நிலைக்காகவே மதிக்கிறேன். ஆனால் வீட்டில் அப்போதே மூன்று பெண் குழந்தைகள் இருந்தார்கள், கடன் இருந்தது.

அம்மா அபிகெயில், பாஸ்டனில் நல்ல பெயர் பெற்ற மே குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கைநீட்டி வாங்கிக் குடும்பத்தை ஓட்டினார். 1840-களின் இறுதியில் பாஸ்டனில் சம்பளத்துக்கு ஏழைகளுக்கான உதவிப் பணியில் சேர்ந்தார். சமூகப் பணி என்று இன்று நாம் சொல்லும் வேலையைச் சம்பளத்துக்குச் செய்த முதல் தலைமுறைப் பெண்களில் அவரும் ஒருவர். ஏறக்குறைய 30 ஆண்டுகளில் இந்தக் குடும்பம் 20 தடவைக்கு மேல் வீடு மாறியது. தத்துவ எழுத்தாளர் எமர்சன் பணம் கொடுத்து உதவினார், தன் வீட்டுப் புத்தகங்களையும் லூயிசாவுக்குத் திறந்துவிட்டார். இயற்கையைப் பற்றி எழுதிய தோரோவுடன் இந்தப் பெண்கள் காட்டில் சுற்றினார்கள். பாஸ்டனுக்கு அருகே அவர்கள் வாழ்ந்த கான்கார்ட் என்ற சின்ன ஊரில் அமெரிக்காவின் பெரிய மூளைகள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அடுப்பில் வைக்க மட்டும் பல நாள் எதுவும் இருக்காது.

இனி நாவலுக்கு வருவோம். பெயர்களிலேயே ஒரு சேதி இருக்கிறது. மூத்தவர் ஆன்னா நாவலில் மெக் ஆனார். லூயிசா ஜோ ஆனார். மூன்றாவது எலிசபெத், கதையிலும் எலிசபெத்தின் சுருக்கமான பெத். கடைக்குட்டி மே பெயரில் மூன்றே ஆங்கில எழுத்துகள்: எம், ஏ, ஒய். இடம் மாற்றிப் போட்டால் ஏமி. குடும்பப் பெயர்தான் இன்னும் அழகு. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் மே, அது ஒரு மாதத்தின் பெயரும்கூட. நாவலில் குடும்பப் பெயர் மார்ச். மாதத்துக்குப் பதில் மாதம். அப்பாவின் பெயரான ஆல்காட்டை அவர் தொடவே இல்லை. கதையில் இந்தக் குடும்பம் அம்மாவின் குடும்பம் என்பதைப் பெயர் வைக்கும்போதே அவர் தீர்மானித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாற்றாமல் அப்படியே வைத்தது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது பெத்தின் மரணம். 1856-ல் அம்மா ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பணிவிடை செய்யப் போன இடத்திலிருந்து விஷக்காய்ச்சல் வீட்டுக்கு வந்தது. ஸ்கார்லெட் காய்ச்சல் என்பார்கள். எலிசபெத் அதிலிருந்து முழுசாகத் தேறவே இல்லை. 1858 மார்ச்சில், 22 வயதில் இறந்தார். கடைசி நாட்களில் தையல் ஊசி கனமாக இருக்கிறது என்று அவர் கீழே வைத்துவிட்டதை லூயிசா நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பத்து வருடம் கழித்து, நாவலில் பெத்தும் அதே ஊசியை அதே காரணத்தைச் சொல்லிக் கீழே வைக்கிறாள். அந்த ஒரு வரியைக் கற்பனையில் செய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் கிடைக்கும்.

இதிலேயே இன்னொன்று. நாவலில் பெத் பியானோ வாசிக்கும் வீட்டைப் பெரும்பாலும் கான்கார்டில் உள்ள ஆர்ச்சர்ட் ஹவுஸை மனதில் வைத்தே லூயிசா வரைந்தார். அந்த வீட்டுக்குக் குடும்பம் குடிவந்தது 1858 ஜூலையில். எலிசபெத் போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நிஜத்தில் அந்தத் தங்கை அந்த வீட்டில் ஒரு நாளும் வாழவில்லை. அக்கா கதையில் அவளைக் குடிவைத்தார். காலத்தையும் அப்படியே நகர்த்தினார்: ஆல்காட் பெண்களின் நாடகமும் விளையாட்டும் நடந்தது 1840-களில், கதை நடப்பதோ 1860-களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில்.

அந்தப் போர் அவருக்கு ஒரு பெரிய வசதியைச் செய்து கொடுத்தது. அப்பாவை வீட்டை விட்டு வெளியே அனுப்ப முடிந்தது. நாவல் தொடங்கும்போது திரு. மார்ச் போர்முனையில் மதகுருவாகச் சேவை செய்துகொண்டிருக்கிறார். அவர் இல்லாத வீட்டில்தான் கதையின் பெரும்பகுதி நடக்கிறது. ஏன் ஏழைகள் ஆனார்கள் என்பதற்கு நாவல் தரும் காரணம் ஒரு வரிதான்: கஷ்டத்தில் இருந்த ஒரு நண்பருக்கு உதவப் போய் அப்பா சொத்தை இழந்தார். யாரும் குறை சொல்ல முடியாத, கௌரவமான காரணம். வறுமை அப்படியே கதைக்குள் வந்தது, வறுமையின் காரணம் மட்டும் வாசலில் நின்றுவிட்டது.

நிஜக் காரணத்தைத் தெரிந்துகொள்ள 1843-க்குப் போக வேண்டும். அந்த ஜூன் மாதம் பிரான்சன், இங்கிலாந்திலிருந்து வந்த சார்லஸ் லேன் என்ற நண்பரோடு சேர்ந்து, மாசசூசெட்ஸில் ஹார்வர்ட் என்ற கிராமத்துக்கு அருகே ஒரு பண்ணையில் குடியேறினார். ஃப்ரூட்லாண்ட்ஸ், அதாவது பழத்தோட்டம் என்று பெயர். இருந்ததோ சில பழைய ஆப்பிள் மரங்கள். யாரையும் சுரண்டாத ஒரு வாழ்க்கையை அங்கே கட்டிக்காட்ட வேண்டும் என்பது அவர்கள் கனவு. இறைச்சி கிடையாது. பால், வெண்ணெய், முட்டை, டீ, காபி, சர்க்கரை எதுவும் கிடையாது. பருத்தித் துணி கூடாது, அது அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. கம்பளி கூடாது, அது ஆட்டுக்குச் சொந்தம். எல்லோருக்கும் லினன் உடை. மாட்டை ஏரில் பூட்டுவதும் பாவம்.

ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், அதில் ஒரு நியாயம் இருக்கும். 180 ஆண்டுகள் கழித்து நாம் பேசும் பல விஷயங்களை அவர்கள் அன்றே பேசினார்கள். ஆனால் அந்த வீட்டில் சமைத்தது, துவைத்தது, தைத்தது எல்லாம் பெரும்பாலும் ஒரே பெண், அபிகெயில். அறுவடை நேரத்தில் ஆண்கள் தங்கள் கொள்கையைப் பேச வெளியூர் கிளம்பிப் போய்விட்டார்கள். மழை வரும்போல் இருந்தது. வெட்டிய பார்லி வயலில் கிடந்தது. அம்மாவும் பிள்ளைகளும் கூடைகளிலும் துணி விரிப்புகளிலும் அள்ளி, முடிந்த மட்டும் உள்ளே கொண்டுவந்தார்கள். 1873-ல் லூயிசா எழுதிய 'டிரான்சென்டென்டல் வைல்ட் ஓட்ஸ்' என்ற சிறு படைப்பில் இந்தக் காட்சி வருகிறது.

பனிக்காலம் வந்தது. சாப்பாடு குறைந்தது. குடும்பம் என்ற அமைப்பே வேண்டாம், கணவன் மனைவி தனித்தனியாக வாழலாம் என்று லேன் சொல்லத் தொடங்கினார். 1843 டிசம்பரில் பதினொரு வயதே ஆன லூயிசா நாட்குறிப்பில் எழுதினார்: அன்று மாலை அப்பா, அம்மா, ஆன்னா, நான் எல்லோரும் வெகுநேரம் பேசினோம், எல்லோரும் அழுதோம், எங்களை எல்லாம் சேர்த்தே வைக்கும்படி கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். அடுத்த ஜனவரியில் குடும்பம் பண்ணையை விட்டு வெளியேறியது. அபிகெயில்தான் முடிவெடுத்தார். பிரான்சன் மனம் உடைந்து, சாப்பிட மறுத்து, படுத்த படுக்கையாகிவிட்டார். மொத்தம் ஏழெட்டு மாதம்.

இந்த அனுபவத்தின் ஒரு நாள்கூட 'லிட்டில் விமன்' நாவலில் நேரடியாக இல்லை. தன்வரலாற்று நாவல் எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இப்படி ஓர் இடம் இருக்கும், தொட முடியாத சூடான இடம். அதைச் சுற்றித்தான் நாவல் கட்டப்படுகிறது. குழந்தையாக அந்த வேண்டுதலை எழுதியவர், வளர்ந்து எழுதிய கதையில், எவ்வளவு ஏழையானாலும் பிரிந்துபோகும் பயமே இல்லாத ஒரு குடும்பத்தை உருவாக்கினார்.

தலைகீழாக மாற்றிய இடம் ஒன்றையும் பார்த்துவிடலாம். நாவலில் அப்பா வாஷிங்டன் மருத்துவமனையில் நோயில் கிடக்கிறார் என்று தந்தி வருகிறது. அம்மா கிளம்ப வேண்டும், பணம் வேண்டும். ஜோ தன் நீண்ட தலைமுடியை 25 டாலருக்கு விற்றுவிட்டு வந்து நிற்கிறாள். படித்தவர்கள் யாரும் மறக்காத காட்சி. நிஜத்தில் வாஷிங்டனுக்குப் போனது மகள். 1862 டிசம்பரில் லூயிசா வாஷிங்டனை ஒட்டிய ஜார்ஜ்டவுனில் போர் வீரர்களுக்கான மருத்துவமனையில் செவிலியாகச் சேர்ந்தார். சில வாரங்களிலேயே டைஃபாய்டு. தந்தி வீட்டுக்கு வந்தது, அப்பா போய் அழைத்து வந்தார். காய்ச்சலின்போது அவருடைய நீண்ட கூந்தலை வெட்டிவிட்டார்கள். சிகிச்சைக்குக் கொடுத்த பாதரச மருந்து உடம்பைக் கெடுத்துவிட்டதாக அவர் கடைசிவரை நம்பினார். நோயில் பறிபோன கூந்தலைக் கதையில் அவர் ஒரு பெண் தானே முடிவுசெய்து கொடுக்கும் கொடையாக மாற்றினார். அப்பாவுக்காகக் கொடுக்கும் கொடையாகவும். என்ன நடந்தது என்று சொல்வதைவிட, அது தனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல இந்த மாற்றம் அவருக்கு உதவியது.

ஏனென்றால் உண்மையிலேயே அவர் உடல் உழைப்பை விற்றுத்தான் வீட்டைக் காப்பாற்றினார் என்று சொல்லலாம். 18, 19 வயதில் டெடம் என்ற ஊரில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனார். ஏழு வாரம் உழைத்ததற்குக் கிடைத்தது நான்கு டாலர். தையல், டியூஷன், பத்திரிகைக் கதை, எதையும் விடவில்லை. ஜேம்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற பெரிய பதிப்பாளர், உங்களுக்கு எழுத வராது, பாடம் சொல்லிக்கொடுக்கவே போங்கள் என்றார். ஏ. எம். பர்னார்ட் என்ற புனைபெயரில் பழிவாங்கலும் அபினும் மாறுவேடமுமாகத் திகில் கதைகள் எழுதி வார இதழ்களுக்கு விற்றார். அது அவர்தான் என்பதை 1940-களில்தான் லியோனா ராஸ்டென்பெர்க், மேடலின் ஸ்டெர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நாவலில் ஜோவும் இப்படிக் கதைகள் எழுதுகிறாள், பிறகு அது தப்பென்று உணர்ந்து அடுப்பில் போட்டுவிடுகிறாள். லூயிசாவால் அப்படிப் போட முடியவில்லை. வீட்டு வாடகை இருந்தது.

'லிட்டில் விமன்' எழுதியதே பெரிய ஆசையோடு அல்ல. பெண் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதுங்கள் என்று ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகத்தின் தாமஸ் நைல்ஸ் கேட்டார். அப்பாவின் 'டாப்லெட்ஸ்' என்ற தத்துவ நூலையும் அதே 1868-ல் அதே பதிப்பகம் வெளியிட்டது. எனக்கு என் சகோதரிகளைத் தவிர வேறு பெண்களை அதிகம் தெரியாது, எங்கள் வீட்டு விசித்திரமான நாடகங்களும் அனுபவங்களும் ஒருவேளை சுவாரசியமாக இருக்கலாம், சந்தேகம்தான் என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டு உட்கார்ந்தார். இரண்டரை மாதத்துக்குள் முதல் பாகம் முடிந்தது. அப்பா சுவரில் செய்து கொடுத்த ஒரு சின்ன அரைவட்டப் பலகை மேசையில் எழுதினார். முதலில் அச்சிட்ட 2000 பிரதிகள் சீக்கிரமே தீர்ந்தன. மொத்தமாக விற்றுவிடாமல் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள் என்று நைல்ஸ் சொன்ன யோசனைதான் அவரைப் பணக்காரர் ஆக்கியது. குடும்பத்தின் கடன்களை எல்லாம் அடைத்தார். காலாவதியாகி, யாரும் கேட்க முடியாத பழைய கடன்களைக்கூடக் கட்டினார்.

அப்படியானால் அப்பாவை அவர் நாவல்களிலிருந்து ஒரேயடியாக நீக்கிவிட்டாரா? இல்லை. பிரித்து வைத்தார். 1871-ல் வந்த 'லிட்டில் மென்' நாவலில் ஜோவின் கணவரான பேராசிரியர் பேயர், பொய் சொன்ன மாணவனிடம் அளவுகோலைக் கொடுத்துத் தன் கையில் அடிக்கச் சொல்கிறார். டெம்பிள் ஸ்கூலின் அதே கை. அப்பாவின் யோசனைகளில் எது நல்லதோ அதை எடுத்து, வேறொரு மனிதருக்குக் கொடுத்து, அதற்குச் சோறு போடும் ஒரு பள்ளியையும் கட்டிக் கொடுத்தார். லூயிசா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஜோவுக்கும் வேண்டாம் என்றுதான் நினைத்தார். வாசகிகள் விடவில்லை. கதையில் வரும் பக்கத்து வீட்டுப் பையன் லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, இந்தப் பேராசிரியரைக் கொண்டுவந்தார்.

ஃப்ரூட்லாண்ட்ஸ் பற்றியும் அப்பா பற்றியும் முழுநீள நாவல் ஒன்றை எழுத அவருக்குப் பல காலம் எண்ணம் இருந்தது. அதற்கு வைத்திருந்த பெயர் 'தி காஸ்ட் ஆஃப் அன் ஐடியா', ஒரு யோசனையின் விலை. எழுதவே இல்லை. அப்பாவும் மகளும் பிறந்தது ஒரே தேதியில், நவம்பர் 29. 1888 மார்ச் 4-ல் பிரான்சன் இறந்தார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 6-ல், லூயிசா.

'லிட்டில் விமன்' உங்களிடம் இருந்தால் கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஆப்பிள் அறுவடை நாள். பழங்கள் மரம் நிறைய. பெண்கள், பேரப்பிள்ளைகள், பள்ளிப் பையன்கள் எல்லோரும் பறிப்பதும் பொறுக்குவதுமாக இருக்கிறார்கள். கூட்டத்தின் நடுவே வயதான திரு. மார்ச் நிதானமாக உலாவிக்கொண்டு, பழைய புத்தகங்களிலிருந்து விவசாயத்தைப் பற்றிய வரிகளைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு பழத்தையும் பறிக்கவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. மழை வரும்போல் இல்லை.